விரலால் சொன்ன பொய்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு பழைய கிரானைட் குவாரி இருக்கிறது. கல் வெட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டதால் குழி நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில், ஒரு சுரங்கப் பாதையில்தான் என் கதை முடிந்திருக்க வேண்டியது.

அங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் இப்போதும் நம்பாதவர்கள் உண்டு. குகைக்குள் முக்குளிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. மிஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது. நாட்கள் அப்படியே போய்விட்டன. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு ஊருக்குப் போவதும் நின்றுவிட்டது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, என் பிறந்தநாள் ஞாபகம் வந்தால் இன்னொரு தடவை போன் செய்வான்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் இந்தி. படியேறும்போது எல்லாம் காதில் விழும். எதிரே வருகிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒன்பது வருடம் அப்படியே போனது. ஞாயிறு பூசைக்குப் போனால், முடிந்ததும் மாதா கோயில் வாசலில் குடும்பம் குடும்பமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் கைப்பையைத் துழாவிக்கொண்டே அவர்களைக் கடந்து வந்துவிடுவேன்.

கம்பெனியில் ஒருமுறை புதுச்சேரிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அங்கே கடலுக்குள் முக்குளிக்க விடுகிறார்கள் என்று நாலைந்து பேர் கிளம்பினார்கள். நானும் போனேன். தண்ணீருக்குள் தலை மூழ்கியதும் எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே யாரும் பேச முடியாது. "வீட்ல யாரு இருக்காங்க", "எத்தனை பிள்ளைங்க" என்று யாரும் கேட்க முடியாது. மேலே இருந்தால் நான் ஒருத்திதான் தனி ஆள். உள்ளே போய்விட்டால் எல்லோரும் தனி ஆள்தான். அதற்குப் பிறகு விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் முக்குளிக்கப் போக ஆரம்பித்தேன். நாலு வருடத்தில் ஒவ்வொரு படியாகத் தேறினேன். வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்தேன் என்று இல்லை, யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் ரீபிரீதர் என்ற கருவி அறிமுகமானது. சாதாரணமாக முக்குளிப்பவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, இழுத்த மூச்சைக் குமிழிகளாக வெளியே விடுவார்கள். இந்தக் கருவியில் குமிழியே வராது. நாம் விடும் மூச்சு ஒரு குழாய் வழியாகக் கருவிக்குள் போகும். அங்கே ஒரு டப்பா நிறையச் சுண்ணாம்புக் குருணை இருக்கும். நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். குறையும் ஆக்ஸிஜனைக் கருவியே சேர்த்து, அதே மூச்சை நமக்குத் திருப்பித் தரும். அதனால் வெகுநேரம் உள்ளே இருக்கலாம். சத்தமும் இருக்காது. குமிழிகளின் சலசலப்பு இல்லாத அந்த அமைதியை முதல் தடவை கேட்டபோது, இது எனக்காகவே செய்த கருவி என்று நினைத்தேன். யார் தயவும் வேண்டாம். என் மூச்சே எனக்குப் போதும்.

கற்றுக்கொடுத்தவள் அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண். கன்னடம் பேசும் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் என்றாலும் தண்ணீர் விஷயத்தில் அவள் சொல்தான் சட்டம். வெளிநாட்டில் உண்மையான குகைகளில் பயிற்சி எடுத்து வந்தவள். குவாரிச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கி அங்கே வகுப்பு நடத்தினாள். குவாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். ஒரு காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை ஓட்டுவதற்காகப் பாறையைக் குடைந்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். இப்போது அது தண்ணீருக்குப் பதினெட்டு மீட்டர் அடியில். ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடும் அளவு அகலம், முப்பது மீட்டர் நீளம். குகைக்குள் போவதற்கு முன் பழகிக்கொள்ள அது போதும் என்பாள்.

முதல் நாள் நாங்கள் கருவிகளை இறக்குவதைப் பார்த்துக் குவாரிக் காவல்காரர் ஓடி வந்தார். "யாருங்க உளுந்தது? ஆம்பளயா, பொம்பளயா?" என்று கேட்டார். அந்தப் பகுதியில் முக்குளிக்க ஆள் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான். யாரும் விழவில்லை, நாங்களாகத்தான் இறங்குகிறோம் என்று சொன்னதும் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்பில் இரண்டே பேர். மற்றவர் ஐம்பதை நெருங்கும் மனிதர். வேப்பனப்பள்ளிப் பக்கம், தெலுங்கு பேசும் குடும்பம். கிணறுகளிலும் போர்வெல்லிலும் மோட்டார் இறக்கி ஏற்றுவது தொழில். சின்ன வயதிலிருந்தே மூச்சை அடக்கி ஆழமாக முங்கத் தெரியும் என்பதால், கிணற்றிலோ குவாரியிலோ யாராவது மூழ்கினால் ஊர்க்காரர்களும் போலீஸும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பல நேரம் ஆழம் போதாமல் வெறுங்கையோடு மேலே வர வேண்டியிருந்திருக்கிறது. கரையில் காத்திருக்கும் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியாது என்பார். அதற்காகத்தான் கற்றுக்கொள்ள வந்தார். பயிற்சியாளரும் தன்னிடம் இருந்த பழைய கருவிகளில் ஒன்றை அவருக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்திருந்தாள்.

நல்ல மனிதர். ஆனால் பேச்சு நிற்காது. மனைவி என்ன சமைத்தாள், மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், தேன்கனிக்கோட்டையில் மச்சினன் தோட்டத்தில் யானை புகுந்து ராகியை எப்படி மிதித்தது என்று எல்லாம் சொல்வார். நடுநடுவே என்னிடம் கேள்வி வரும். "மேடம் ஊருல யார் கீறாங்க? நீங்க ஒண்டியாவா கீறீங்க?" நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். மத்தியானம் அவர் தூக்குச்சட்டியைத் திறந்து எங்கள் எல்லோருக்கும் பங்கு வைப்பார். நான் கொண்டுவந்த பிரெட்டை எடுத்துக்கொண்டு வண்டி மறைவில் போய் உட்கார்ந்துகொள்வேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் ஒரு விதி மிகக் கண்டிப்பானது. கருவியைப் பூட்டிய பிறகு, ஒருவர் பட்டியலைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் தரையிலேயே உட்கார்ந்து கருவியில் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். கரியமில வாயு சரியாக உறிஞ்சப்படவில்லை என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் உடம்பே சொல்லிவிடும். கருவியில் இருக்கும் விளக்கும் எண்ணும் ஆக்ஸிஜன் அளவைத்தான் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. அதனால் அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போகவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிறு ஓசூரில் நல்ல பனி. குவாரிக்கு வந்து சேரும்போது விரல்கள் விறைத்திருந்தன. பயிற்சியாளர் முன்னாலேயே தண்ணீரில் இறங்கி, சுரங்க வாசலில் வழிக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருட்டிலும் கலங்கலிலும் அந்தக் கயிறுதான் எங்களுக்கு வழி. நாங்கள் இருவரும் வேனுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துக் கருவிகளைப் பூட்டினோம். சுண்ணாம்பு டப்பாவின் மேல் ஒரு ரப்பர் வளையம் வரும். ஓ-ரிங் என்போம். மூச்சுக் காற்று டப்பாவுக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவிவிடாதபடி அடைப்பது அதுதான். அதைத் துடைத்து, கிரீஸ் தடவி, துண்டின் மேல் வைத்தேன்.

அப்போது அவர், மகளுக்கு வரன் அமைந்துவிட்டது, மாசியில் நிச்சயம் என்று ஆரம்பித்தார். "மேடம் கண்டிப்பா வரணும். உங்க ஊட்டுக்காரங்க யாரு இருந்தாலும் இட்டுக்கினு வாங்க."

ஏன் என்று தெரியவில்லை, அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டப்பாவையும் கருவியையும் தூக்கிக்கொண்டு வேனின் மறுபக்கம் போனேன். மிச்சத்தை அங்கே உட்கார்ந்து பூட்டினேன். துண்டு தார்ப்பாயிலேயே கிடந்தது. அதன் மேல் அந்த வளையமும்.

பட்டியல் படிக்கும் நேரம் வந்தது. அவர் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முடிப்பதற்குள் "ஆச்சு", "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வரியில் நிறுத்தினார்.

"ஓ-ரிங்கு, மேடம். காட்டுங்க."

"உள்ளே போட்டுப் பூட்டியாச்சு. மறுபடி பிரிக்கச் சொல்றீங்களா? பதினெட்டு வருஷமா செக் பண்றதுதான் சார் என் வேலை."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரிங்க மேடம்" என்று அடுத்த வரிக்குப் போனார். ஐந்து நிமிட மூச்சுச் சோதனையிலும் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, வாயில் கவ்வியிருந்த மவுத்பீஸை எடுத்துவிட்டேன். குளிர் பொறுக்கவில்லை, அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததும் பிடிக்கவில்லை. கரைக்கு வந்த பயிற்சியாளர், "எல்லாம் ஆச்சா அக்கா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். என்னைத்தான் கேட்டாள், அவரைக் கேட்கவில்லை. நான் ஆய்வுப் பிரிவில் இருப்பவள் என்று அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான்.

இறங்கினோம். முன்னால் பயிற்சியாளர், நடுவில் நான், பின்னால் அவர். தண்ணீர் தெளிவாக இருந்தது. வெட்டிய பாறைச்சுவர் பக்கத்திலேயே செங்குத்தாகக் கீழே போனது. துளைபோட்ட வரிகள் அதில் அப்படியே தெரிந்தன. கீழே போகப்போக வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பல் ஆனது. சுரங்க வாசல் கறுப்பாக ஒரு கதவு போல நின்றது. கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

பத்து மீட்டர் போயிருப்போம். எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் தடவை உள்ளே போகிறோம், படபடப்பு என்று நினைத்தேன். மெதுவாக இழுத்து விட்டேன். இன்னும் அதிகமானது. மாடிப்படி ஓடி ஏறியதுபோல் நெஞ்சு ஏறி இறங்கியது. முகமூடியின் ஓரத்தில் கருவியின் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் எண்ணைப் பார்த்தேன். சரியாக இருந்தது. எல்லாம் சரி என்று கருவி சொல்கிறது, எனக்கு மட்டும் சரியில்லை. நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிப்பதுபோல் வலி.

சந்தேகம் வந்த அந்த நொடியே செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். பக்கவாட்டில் தொங்கும் உதிரிச் சிலிண்டரில் சாதாரணக் காற்று இருக்கிறது. அதன் வாய்க்குழாய் கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்குகிறது. கருவியின் மவுத்பீஸை மூடி எடுத்துவிட்டு அதை வாயில் வைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை செய்து பழகியது.

அதே நேரத்தில் முன்னால் போன பயிற்சியாளர் திரும்பி, டார்ச்சைத் தன் கை மேல் அடித்து, சரியாக இருக்கிறீர்களா என்று விரலை வளைத்துக் கேட்டாள்.

நானும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினேன். சரியாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவள் முன்னால் தோற்றுப்போக மனமில்லை என்பது ஒரு காரணம். பின்னால் வருகிறவர் கேட்ட ஒரு கேள்விக்கு எரிந்து விழுந்தேனே, இப்போது அவர் எதிரில் திரும்புவதா என்பது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் இதைவிடச் சின்னது. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியே என் வாய்க்கும் கைக்கும் பழகிவிட்டது. யோசிக்காமலேயே வந்துவிட்டது.

அவள் திரும்பி முன்னால் போனாள். நாலைந்து மூச்சுக்குள் என் கட்டுப்பாடு போய்விட்டது. இழுக்கிறேன், இழுக்கிறேன், காற்று வருகிறது, ஆனால் பயன் இல்லை. கால்கள் தாமாக உதைத்தன. தரையில் பல வருடமாகப் படிந்திருந்த கல்மாவு கிளம்பி ஒரு நொடியில் எல்லாவற்றையும் மறைத்தது. என் கை எனக்கே தெரியவில்லை. கயிறு விரலில் இருந்து நழுவியது. உதிரிக் குழாயைக் கையில் பிடித்துவிட்டேன், ஆனால் வாயில் இருப்பதை எடுக்க முடியவில்லை. மாற்றுவதற்கு ஒரு நொடி மூச்சை நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடிக்கு உடம்பு சம்மதிக்கவில்லை. வாயில் இருப்பது விஷம் என்று மூளைக்குத் தெரிகிறது, பல் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது ஜெபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. யார் முகமும் வரவில்லை. என் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது. அது எத்தனை நாள் பூட்டியிருந்தால் ஒருவர் வந்து தட்டுவார் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு பயத்திலும் அந்தக் கேள்வி மட்டும் மிக நிதானமாக வந்தது.

யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று அந்தக் கை என் மேல் ஏறி வந்தது. ஒன்றும் தெரியாத அந்தக் கலங்கலில், பின்னால் வந்தவர் என்னைத் தடவித் தடவியே கண்டுபிடித்தார். நான் அவரைத் தள்ளினேன், முழங்கையால் இடித்தேன். அவர் விடவில்லை. என் கன்னத்தைப் பிடித்து, மவுத்பீஸின் திருகைத் திருப்பி மூடி, அதை வெடுக்கென்று இழுத்தார். ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனது. அடுத்த நொடி உதிரிக் குழாய் என் வாயில் இருந்தது. காற்றைப் பீய்ச்சித் தண்ணீரை வெளியேற்றி, கீழே விழாமல் உள்ளங்கையால் என் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

உடனே சரியாகிவிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நாய் போல மூச்சிரைத்தேன். குமிழிகள் கடகடவென்று பாறைக் கூரையில் மோதின. சத்தமே பிடிக்காத எனக்கு அந்தச் சத்தம் அன்று அவ்வளவு நன்றாக இருந்தது. என் கையை எடுத்துக் கயிற்றில் வைத்து, தன் கையை என் மேற்கையில் கோத்துக்கொண்டார். அழுத்தினால் நில், முன்னால் தள்ளினால் போ. வகுப்பில் கற்ற இருட்டுப் பாஷை அது. பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் வாசலுக்கு. அது என் வாழ்க்கையிலேயே நீளமான தூரம். வாசலுக்கு வெளியே வந்ததும் பின்னாலேயே பயிற்சியாளரும் வந்துவிட்டாள். மேலே போகும் வழியில், அழுத்தம் குறைவதற்கு உடம்பு பழக, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவர் என் மேற்கையை விடவே இல்லை. முகமூடிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன்.

கரையில் வாந்தி எடுத்தேன். தலை பிளந்தது. பயிற்சியாளர் ஆக்ஸிஜன் கொடுத்து, வேனில் படுக்கவைத்து, கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அவசரப் பிரிவில் செவிலியர் படிவத்தோடு வந்தார்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க? வீட்டுக்காரங்க போன் நம்பர் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல எண் இல்லை. தம்பிக்கு அங்கே விடிந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கம்பெனி எண்ணைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்?

"நாந்தாங்க" என்றார் அவர். ஈர உடையோடு கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்தார். நான் இடித்ததில் உதடு வீங்கியிருந்தது.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்னு எழுதிக்கோங்க."

செவிலியர் என் பெயரையும் அவர் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று பைபிளிலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதியிலிருந்து. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். அவர் மனைவி மாற்றுத் துணியும் சாப்பாடும் கொண்டுவந்தார். எனக்கும் சேர்த்துத்தான். மாலையில் தலைவலி குறைந்து எழுந்து உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன், எனக்கு முடியவில்லை என்று அந்தக் கலங்கலில் எப்படித் தெரிந்தது, நான் இடித்தும் ஏன் விடவில்லை என்று.

அவர் சொன்னார். "நான் தண்ணியில எத்தினியோ பேரு கால புடிச்சிருக்கேன் மேடம். ஒருத்தர் காலும் ஆடுனது கெடையாது. இன்னிக்கி கைய வெச்சேன், ஆடுச்சு. அப்பா, இது உசுரோட கீதுன்னு அவ்ளோ சந்தோசம். அதான் வுடல."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்குள், ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ நன்றாக இல்லை, வெளியே ஒரு கடை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

பயிற்சியாளர் குவாரிக்குத் திரும்பிப் போய் என் கருவியைப் பிரித்துப் பார்த்திருந்தாள். துண்டின் மேல் கிடந்த வளையத்தைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். கிரீஸ் இன்னும் பளபளத்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இது யாருக்கும் நடக்கும் அக்கா. நான்கூட ஒரு தடவை மறந்திருக்கேன். ஆனா உள்ளே நான் கேட்டேன் இல்ல? நீங்க ஓகேன்னு காட்டினீங்க. மிஷின் உங்களை மோசம் பண்ணலை. நீங்க என்னை மோசம் பண்ணிட்டீங்க." உங்கள் இருவரையும் நானே நேரில் சோதித்திருக்க வேண்டும், அது என் தப்பு என்றும் சொன்னாள். என் பொய்யால் இன்னொருத்தி ஆயுள் முழுக்கக் குற்ற உணர்ச்சியைச் சுமந்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் இல்லாதவள், எனக்கு ஏதாவது ஆனால் யாருக்கு என்ன என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி தண்ணீரில் இறங்கினேன். பட்டியலை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார், நான் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு விட்டோம். அவர் மூச்சு விடும் வேகமும் என் வேகமும் கொஞ்ச நேரத்தில் ஒன்றாகிவிட்டதைக் கவனித்தேன். அந்தச் சுரங்கத்தை மூன்றாம் முயற்சியில் முழுதாகக் கடந்து, அடுத்த குழியின் வெளிச்சத்தைப் பார்த்தேன். அவர் இப்போது அந்தப் பகுதியில் எந்த ஆழத்துக்கும் போய் வருகிறார். நான் அவருக்குக் கருவி பூட்டிக் கொடுக்கப் போவதுண்டு. கரையில் காத்திருக்கும் குடும்பங்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

போன ஐப்பசியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். மூன்றாம் நாள் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தது. "ஒண்ணும் சீரியஸ் இல்லையே?" என்று மேலாளர் கேட்க, "இல்லை சார், நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு வேப்பனப்பள்ளிக்கு, அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுத்தது அவர் மனைவி.

"எனக்கு முடியலைங்க. யாராவது வந்தா நல்லா இருக்கும்" என்றேன். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"ஐயோ, மொதல்லயே சொல்றதில்லையா? இரு கண்ணு, வர்றோம்" என்றார். என்னைவிட இரண்டு வயது சின்னவர் அவர். இரண்டு பஸ் மாறி, இரண்டரை மணி நேரத்தில் இருவரும் என் கதவைத் தட்டினார்கள்.

நான் இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது வீட்டின் அமைதி அப்படியேதான் இருக்கிறது. சில இரவுகளில் அது நெஞ்சை அழுத்தவும் செய்கிறது. ஆனால் முடியாதபோது முடியவில்லை என்று இன்னொருவரிடம் சொல்வதும் உயிர் பிழைப்பதற்குக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலைதான் என்பதும், அதை நான் நாற்பத்து நான்கு வயதில்தான் கற்க ஆரம்பித்தேன் என்பதும், ஒவ்வொரு முறை யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போதும் என்னை ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைக்கின்றன.